கிட்னி பாதிச்சவங்களுக்குத் தனி உலை வைக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



கடன் விண்ணப்பத்தில் காரணம் எழுதுற இடத்தில் முன்னெல்லாம் ஆடு, மாடு, விதை, பிள்ளை படிப்பு என்றுதான் இருக்கும். இப்ப "மருத்துவச் செலவு" என்பது கூடிக்கிட்டே வருது. என்ன மருத்துவம்னு கேட்டால், "வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், வாரம் மூணு தடவை டவுனுக்குக் கூட்டிட்டுப் போகணும், வண்டிக்குத்தான் பணம்" என்கிறாங்க. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு கழிஞ்சாலும் போக வர வண்டி, கூடப் போறவங்க கூலி இழப்பு, மதியச் சாப்பாடு இதெல்லாம் குடும்பத்துத் தலையில்தான். அதனால் இன்னைக்குக் கடன், வசூல் பேச்சை ஓரமா வச்சுட்டு, கிட்னி பாதிச்சவங்க வீட்டில் எப்படிச் சமைக்கிறது, என்ன சாப்பிடுறது என்பதைப் பேசலாம்னு நிர்வாகக் குழுவில் முடிவு பண்ணினோம்.

கிட்னி என்கிற சிறுநீரகம் நமக்கு ரெண்டு இருக்கு. முதுகுப் பக்கம், விலா எலும்பு முடியுற இடத்தில், முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும், ஆளுக்கு ஒரு கைமூடி அளவில் இருக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தில் இருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கிட்டு, ஒன்றரை ரெண்டு லிட்டரைத்தான் மூத்திரமா வெளியே விடுது. உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் செரிச்ச கழிவு எல்லாம் அதில்தான் வெளியேறணும். வடிகட்டி கெட்டுப்போனால் இதெல்லாம் உடம்பிலேயே தங்கும். கிட்னிக்கான சாப்பாட்டில் இருக்கிற விதி அத்தனையும் இந்த ஒரு விஷயத்தில் இருந்து வருது. வடிகட்டி எவ்வளவு வேலை செய்யுதோ அவ்வளவு சுமைதான் அதுக்குக் கொடுக்கணும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். கிட்னியில் கல்லு வேற, கிட்னி செயல் இழக்கிறது வேற. கல்லு இருக்கிறவங்களை நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டு, கிரியேட்டினின் ஏறிப்போனவங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரங்க வாழைத்தண்டு சாறு, இளநீர், நெருஞ்சில் கஷாயம்னு யோசனை சொல்லுறாங்க. கால் வீங்கி, மூத்திரம் குறைஞ்ச ஒருத்தருக்குச் சொம்பு சொம்பா சாறு கொடுத்தால் நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறும். வாழைத்தண்டிலயும் இளநீரிலயும் இருக்கிற பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்னுடலாம். பிரியமா கொடுக்கிற இளநீர்தான், ஆனாலும் இந்த ஒரு நோயில் அது ஆபத்து. நட்சத்திரப் பழம்னு ஒண்ணு சில வீட்டுத் தோட்டத்தில் காய்க்குது. கிட்னி பாதிச்சவங்க அதை வாயிலேயே வைக்கக் கூடாது. அதில் இருக்கிற ஒரு நஞ்சு கெட்டுப்போன கிட்னி வழியா வெளியேறாமல் மூளையைத் தாக்கும். விடாத விக்கலில் ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் கொண்டு போகும்.

சரி, ஒவ்வொண்ணாப் பார்ப்போம். உப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா உப்பு மட்டும் நோய் உள்ளவங்க, இல்லாதவங்க எல்லாருக்கும் பொதுவானது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும்னு சொல்லுது. தலை தட்டின ஒரு சின்ன ஸ்பூன். யாரும் தராசு வச்சுச் சமைக்கிறது இல்லை, அதனால் ஒரு கணக்கு சொல்றேன். வீட்டில் நாலு பேர்னா மாசத்துக்கு 600 கிராம். அப்படின்னா ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வரணும். உங்க வீட்டில் எத்தனை நாள் வருது? (கூட்டத்தில் சிரிப்பு. "இருபது நாள்" என்று ஒரு குரல்.) இருபது நாள்னா ரெண்டரை மடங்கு. இதுக்கு மேல கடையில் வாங்குற கருவாடு, அப்பளம், ஊறுகாய், மிக்சர், பிஸ்கட், பாக்கெட் நூடுல்ஸ், ஆப்பசோடா போட்ட பஜ்ஜி எல்லாம் அந்தக் கிலோவில் சேராத உப்பு. நம்ம குழுக்களே ஊறுகாயும் அப்பளமும் வடகமும் போட்டு விக்கிறோம். விக்க வேண்டாம்னு நான் சொல்ல வரலை. அது பொழப்பு. ஆனால் போட்டு மிஞ்சினதை நாமளே தினமும் தொட்டுக்கிறது வேண்டாம்.

இந்துப்பு நல்லது, கல்லுப்பு நல்லதுன்னு சொல்லிக்கிட்டு அதையே அள்ளிப் போடுறவங்க இருக்காங்க. எல்லாமே சோடியம்தான். இன்னொரு வகை, "சோடியம் குறைந்த உப்பு"ன்னு பாக்கெட்டில் வருது. சோடியத்துக்குப் பதிலா அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பாங்க. நல்லா இருக்கிறவங்களுக்குப் பிரச்சினை இல்லை. கிட்னி பாதிச்சவங்க வீட்டுக்கு அதை வாங்கவே வாங்காதீங்க.

அடுத்தது பொட்டாசியம். இங்கதான் உங்களில் பலருக்குக் கோபம் வரும். இதே மண்டபத்தில் இரத்தசோகை முகாம் நடத்தினப்போ முருங்கைக்கீரை தின்னுங்க, கேழ்வரகு கூழ் குடிங்க, காய் வேகவச்ச தண்ணியைக் கீழே ஊத்தாதீங்க, சத்து போயிடும்னு சொன்னோம். அது சரிதான், இன்னைக்கும் நல்லா இருக்கிற பொண்ணுங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத்தான் சொல்லுவோம். ஆனால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறின ஒருத்தருக்கு அதே கீரை, அதே கேழ்வரகு, அதே தண்ணி பாரம். ஒரே உலையில் ஒருத்தருக்கு மருந்தா இருக்கிறது இன்னொருத்தருக்கு ஆகாமல் போகுது.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.5-ல் இருந்து 5-க்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். கிட்னி லேசா பாதிச்சிருக்குன்னு சொன்ன உடனே பழம், கீரை, காய் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் சோறும் ரசமும்னு உட்கார்ந்துடாதீங்க. அப்படி நிறுத்தி உடம்பு காய்ஞ்சு போனவங்களை நான் களத்தில் பார்த்திருக்கேன். அஞ்சுக்கு மேல ஏறி, டாக்டர் குறைக்கச் சொன்னால்தான் குறைக்கணும். பிரஷருக்கும் கிட்னிக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளே பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏத்தும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

குறைக்கச் சொல்லிட்டாங்கன்னா, வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி, இளநீர், பேரீச்சம்பழம், உருளை, சர்க்கரைவள்ளி, தக்காளி, முருங்கை, கீரை வகை, வெல்லம், கருப்பட்டிக் காப்பி இதெல்லாம் பக்கத்தில் வர வேண்டாம். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளரிக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் இதெல்லாம் தைரியமா செய்யலாம். பாருங்க, எல்லாம் நம்ம வேலியில் படருற காய்தான், காசு கொட்டி வாங்க வேண்டியது இல்லை. பழம்னா அரை ஆப்பிள், இல்லை ஒரு கீத்து பப்பாளி, ஒரு துண்டு அன்னாசி. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்.

மத்த காய் வேணும்னா ஒரு முறை இருக்கு. தோலைச் சீவி, சின்னச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில் ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். மறுபடி புதுத் தண்ணி தாராளமா ஊத்தி வேகவச்சு, வடிச்சுட்டு, அப்புறம் தாளிக்கணும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணியோட போயிடும். முழுசாப் போகாது, அதனால் இந்த முறையிலும் அளவா சாப்பிடணும். வடிச்ச தண்ணியில் ரசம் வைக்காதீங்க. சிக்கனமான கை, தண்ணியைக் கொட்ட மனசு வராது, தெரியும். வாழைக்கு ஊத்துங்க.

சோறும் குக்கரில் வச்சு இறக்கிறதைவிடப் பழைய மாதிரி உலை கொதிச்சு வடிச்சால் இந்த நோய்க்கு நல்லது. பழைய சோறு சாப்பிடலாமான்னு போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க. சாப்பிடலாம். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு இல்லாமல் சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு. நீராகாரத்தையும் அன்னைக்குக் குடிக்கிற தண்ணிக் கணக்கில் சேர்த்துக்கணும்.

பாஸ்பரஸ் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். அது ஏறினால் உடம்பு அரிப்பு எடுக்கும், எலும்பு பலம் குறையும். கலர் பாட்டிலில் வர்ற கறுப்புக் குளிர்பானம், பாக்கெட் பண்டம், சத்துமாவு, வேர்க்கடலை, அளவுக்கு மீறின பால் இதில் எல்லாம் அதிகம். விருந்தாளி வந்தால் குளிர்பானம் வாங்கிக் கொடுக்கிற பழக்கத்தை விட்டாலே பாதி தீரும்.

புரதத்தில்தான் ரொம்பப் பேர் தடுமாறுறாங்க, அதனால் இதில் கொஞ்சம் நிக்கலாம். டயாலிசிஸ் வரைக்கும் போகாதவங்களுக்கு உடம்பு எடை கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். சிலருக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுவாங்க. 50 கிலோ எடை உள்ள ஒரு அம்மாவுக்கு நாளைக்கு 40 கிராம். ஏதோ பெரிய கட்டுப்பாடு மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்க. இட்லி, சோறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசின்னா அதிலேயே 17, 18 கிராம் வந்துடும். ஒரு கைப்பிடி பருப்பு, 30 கிராம் வச்சுக்கோங்க, அதில் 7. ஒரு முட்டை 6. ஒரு டம்ளர் பால், 200 மில்லி, 6. காயில் ரெண்டு மூணு. கூட்டினால் நாப்பதுக்குப் பக்கம். அப்போ பட்டினி கிடக்க வேண்டியது இல்லை. இதுக்கு மேல ஞாயித்துக்கிழமை அரைக்கிலோ கறியும், சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலும், டப்பாவில் விக்கிற சத்துப் பவுடரும் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். கறி வேணும்னா அன்னைக்கு முட்டையையும் பருப்பையும் விட்டுட்டு ரெண்டு மூணு சின்னத் துண்டு.

டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டால் கணக்கு அப்படியே மாறுது. வாரம் மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் பண்றப்போ புரதமும் சேர்ந்து வெளியே போயிடும். அவங்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல, 1.2 வரைக்கும் வேணும். அதே 50 கிலோ ஆளுக்கு 50-ல் இருந்து 60 கிராம். தினமும் முட்டை, மீன், கொஞ்சம் கோழிக்கறி வேணும். கருவை எடுத்துட்டு வெள்ளைக்கரு மட்டும் கொடுத்தால் பாஸ்பரஸும் கம்மி. ஆனால் நம்ம ஊரில் என்ன நடக்குது? நோயாளின்னாலே கஞ்சி. டயாலிசிஸ் போற மனுஷனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியச் சீட்டையே வச்சுக்கிட்டு இன்னும் கஞ்சியும் சுரைக்காயும் கொடுக்கிறாங்க. ஆள் இளைச்சு, தொத்து நோய் வந்து படுத்துடுறார். சீட்டு எந்தத் தேதியில் எழுதினதுன்னு பாருங்க. ஒவ்வொரு தடவை இரத்தம் டெஸ்ட் எடுத்தப்புறமும் "சாப்பாட்டில் என்ன மாத்தணும்"னு கேளுங்க. கேட்காமல் யாரும் சொல்ல மாட்டாங்க, அங்க கூட்டம் அப்படி.

தண்ணி எவ்வளவு குடிக்கலாம்? நோய் ஆரம்பத்தில், வீக்கம் இல்லாமல், மூத்திரம் நல்லாப் போறவங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. தாகத்துக்குக் குடிக்கலாம். மூத்திரம் குறைஞ்சு வீக்கம் வந்தவங்களுக்குப் பொதுவா, முந்தின நாள் மூத்திரம் எவ்வளவு போச்சோ அது கூட அரை லிட்டர்னு டாக்டர் கணக்குச் சொல்லுவாங்க. காப்பி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதில் அடக்கம். ஒரு பாட்டிலில் அந்த அளவுக்குத் தண்ணி எடுத்து வச்சுக்கிட்டு, காப்பி குடிச்சால் அந்த டம்ளர் அளவைப் பாட்டிலில் இருந்து எடுத்துடுங்க. கணக்கு கண்ணுக்குத் தெரியும். உப்பைக் குறைச்சால் தாகமே குறையும். அதை விட்டுட்டு தண்ணியை மட்டும் பூட்டி வச்சால் யாராலும் இருக்க முடியாது.

சர்க்கரை வியாதியும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "எனக்கு சுகர் தானாக் குறைஞ்சுடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்"னு சந்தோஷமாச் சொல்றவங்களைப் பார்த்தால் எனக்குப் பயமா இருக்கும். கிட்னி கெடக்கெட உடம்பில் இன்சுலின் கழியாமல் தங்கும், அதனால் சுகர் இறங்கும். அது குணம் இல்லை, கிட்னியைப் பரிசோதிக்கச் சொல்ற அறிகுறியா இருக்கலாம். திடீர்னு சுகர் இறங்கி வேர்த்து மயக்கம் வந்தால் ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், சர்க்கரை கரைச்ச தண்ணி அரை டம்ளர் கொடுங்க.

இப்ப நான் முக்கியமா நினைக்கிறதுக்கு வர்றேன். வீட்டில் ஆம்பளைக்குக் கிட்னி கெட்டால், பொம்பளை ரெண்டு உலை வைக்கிறா. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு மத்தவங்களுக்கு. காலையில் நாலரைக்கே எந்திரிச்சு. பொம்பளைக்கே கிட்னி கெட்டால்? அப்ப ஒரே உலைதான். அவளுக்காகத் தனியா வைக்க யாரும் இல்லை, அவளுக்கும் தனக்குன்னு வைக்க மனசு வராது. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் சட்டியில் சுண்டிப்போய் கிடக்கிற புளிக்குழம்பையும் ஊறுகாயையும் தொட்டுக்கிட்டு எந்திரிக்கிறா. "எனக்கு என்ன, இருக்கிறதைத் தின்னுக்குவேன்"கிறது நம்ம பொம்பளைங்க பேச்சு. அந்தப் பேச்சு கிரியேட்டினின் ரிப்போர்ட்டில் தெரியும்.

தனி உலை வேண்டவே வேண்டாம். ஒரே சட்டியில் காயை உப்பில்லாமல் வேக விடுங்க. வெந்ததும், உப்பும் புளியும் தக்காளியும் போடுறதுக்கு முன்னால, நோயாளிக்கு உள்ள பங்கை முதல்ல ஒரு கிண்ணத்தில் எடுத்துடுங்க. அதில் மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தாளிச்சு, இறக்கினப்புறம் ஒரு சிட்டிகை உப்பும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும். சட்டியில் மிச்சம் இருக்கிறதுக்கு வழக்கம்போல. பத்து நிமிஷம் கூட ஆகாது. முதல் ரெண்டு வாரம் நாக்குக்கு ஒண்ணும் ஏறாது. அப்புறம் பழகிடும், பழைய குழம்பை வாயில் வச்சால் கரிக்குதுன்னு அவங்களே சொல்லுவாங்க. முக்கியமானது, அந்தக் கிண்ணத்தை எடுக்கிறது கடைசியா இல்லை, முதல்ல. நோயாளி வீட்டுப் பொம்பளையா இருந்தால் இன்னும் கண்டிப்பா முதல்ல.

இப்ப நோய் இல்லாதவங்களுக்கு. கிட்னி கெடுறதுக்குப் பெரிய காரணம் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். இது ரெண்டையும் கட்டுக்குள் வச்சாலே பெரும்பாதி காப்பாத்திடலாம். மூணாவதா நான் சொல்றது வலி மாத்திரை. களையெடுப்பு, செங்கல் சூளை, கட்டட வேலைன்னு நாள் முழுக்க வெயிலில் நின்னுட்டு, வீட்டுக்கு வர்ற வழியில் மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை"ன்னு சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கிறோம். டைக்ளோபினாக், ஐபுபுரோபன் வகை அது. தண்ணி வத்தின உடம்பில் அந்த மாத்திரை தினமும் போனால் கிட்னிக்குப் போற இரத்தமே குறையும். வயலில் ஒதுங்க இடம் இல்லைன்னு காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காமல் இருக்கிற பழக்கமும் நமக்கு உண்டு. அது பொம்பளைங்க குத்தம் இல்லை, மறைவிடம் கட்டிக் கொடுக்காதவங்க குத்தம். அதைக் கிராம சபையில் கேட்கணும். ஆனால் அதுவரைக்கும் தண்ணி குடிக்காமல் இருந்தால் பாதிக்கப்படுறது நம்ம உடம்பு. பேர் தெரியாத லேகியம், பஸ்பமும் அப்படித்தான். சிலதில் பாதரசம், ஈயம் கலந்திருக்கு.

கிட்னி பாதி கெடுற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. மூத்திரம் நுரைக்கிறது, காலையில் முகம் வீங்குறது, பசி இல்லாமை, ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறது எல்லாம் பிந்தித்தான் வரும். அதனால் சுகரோ பிரஷரோ உள்ளவங்க வருஷத்துக்கு ஒரு தடவை மூத்திரத்தில் அல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின் ரெண்டும் பார்க்கணும். ரிப்போர்ட்டில் 1.2-ன்னு இருந்தால், "நார்மலுக்குப் பக்கம்தான்"னு விட்டுடாதீங்க. 60 வயசு அம்மாவுக்கு 1.2-ன்னா வடிகட்டுற திறன் நூத்துக்கு ஐம்பதைச் சுத்தித்தான் இருக்கும். சதைப்பிடிப்பு இல்லாத ஒல்லியான பொம்பளைங்களுக்கு கிரியேட்டினின் கம்மியாத்தான் காட்டும். "ஈ.ஜி.எப்.ஆர். எவ்வளவு"ன்னு கேட்டு வாங்குங்க. அது 60-க்குக் கீழ மூணு மாசம் தொடர்ந்து இருந்தால் கிட்னி நோய்னு அர்த்தம். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்த தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போலக் குழுப் பொம்பளைங்கதான். அவங்க எழுதிக் கொடுத்த அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுங்க, பழைய கணக்கு டாக்டருக்கு உதவும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வர்றப்போ ஒவ்வொரு குழுவும் ரெண்டு விவரம் எழுதிட்டு வாங்க. குழுவில் சுகர், பிரஷர் உள்ளவங்க எத்தனை பேர், அதில் ஒரு வருஷத்துக்குள் கிரியேட்டினின் பார்த்தவங்க எத்தனை பேர். பார்க்காதவங்களை ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போக வண்டி ஏற்பாடு பண்ணலாம்னு தலைவி அக்கா சொல்லியிருக்காங்க. கிளஸ்டர் வாரியா தேதி போட்டு ஊக்குநர்கள் மூலமாச் சொல்றோம். வெறும் வயித்தோட வரணுமா, சாப்பிட்டு வரணுமான்னு நர்ஸ் அம்மாகிட்ட முன்னாலேயே கேட்டுச் சொல்லிடுறோம். வீட்டில் போட்டுக்கிற மாத்திரை அட்டை அத்தனையும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க.